கொழும்புச் சதுப்பு: அன்றும் இன்றும்

கொழும்பில் பெய்யும் மழை இரண்டு பக்கமாகக் கடலுக்குப் போகிறது. தெற்கே வெள்ளவத்தைக் கால்வாயும் தெஹிவளைக் கால்வாயும் அதைக் கடலில் சேர்க்கின்றன. வடக்கே சென் செபஸ்தியான் கால்வாயில் இறங்கும் நீர் களனி கங்கைக்கும், முகத்துவாரத்துச் சுரங்கக் கால்வாய் வழியாகக் கடலுக்கும் போகிறது. இரண்டுக்கும் நடுவில் பத்தரமுல்லை, கோட்டே, கொலன்னாவ என்று விரிந்து கிடக்கும் சதுப்பு நிலம்தான் அவ்வளவு மழையையும் வாங்கிவைத்து, கால்வாய்கள் தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல விடுகிறது. தலைநகரில் தமிழர் செறிந்து வாழும் இரண்டு பகுதிகளான வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் இந்த ஒரே சதுப்பின் இரண்டு வாசல்களில் இருக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பங்களில்கூட இதை அறிந்தவர்கள் குறைவு. கால்வாய் என்றால் நமக்கு நாற்றமும் நுளம்பும்தான் நினைவுக்கு வரும்.

சதுப்பை வேண்டாத நிலமாகப் பார்ப்பது பழைய வழக்கமன்று. 15ஆம் நூற்றாண்டில் கோட்டே இராசதானியை அமைத்தவர்கள் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே சுற்றிலும் சேறும் நீரும் அரணாக இருந்ததால்தான். ஒல்லாந்தர் அதே நீரைக் கால்வாய்களாக வெட்டி இணைத்துச் சரக்குப் படகுகளை ஓட்டினார்கள். அண்மைக் காலம் வரை கோட்டே, கொலன்னாவப் பக்கத்துத் தாழ்நிலங்களில் நெல் விளைந்தது. வயல் கைவிடப்பட்ட பிறகுதான் அது யாருக்கும் வேண்டாத நிலமாயிற்று.

1968ஆம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கொழும்பு மாவட்டத்தின் தாழ்நிலங்களை நிரவி அபிவிருத்தி செய்ய அதன் கீழ் ஒரு சபை அமைக்கப்பட்டது. மண் கொட்டுவதும் மட்டம் செய்வதும் வீட்டுக்கும் கட்டடத்துக்கும் காணி உண்டாக்குவதும் அந்தச் சபையின் கடமைகள். அக்காலத்தில் இதில் யாரும் பிழை காணவில்லை. நகரம் வளர்ந்தது, சனம் பெருகியது, காணி போதவில்லை. 1982இல் திறக்கப்பட்ட புதிய பாராளுமன்றக் கட்டடமே கோட்டேயில் தியவன்னாவின் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவிலுள்ள தீவில் எழுப்பியதுதான். கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவின் அந்தக் கட்டடத்தின் அழகை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் சட்டம் இயற்றும் சபையே சதுப்பின் மேல் போய் அமர்ந்த பிறகு, சதுப்பில் கட்டாதே என்று மற்றவர்களுக்குச் சொல்வது கடினமாகிவிட்டது.

நம்முடைய பங்கையும் சொல்லத்தான் வேண்டும். போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து கொழும்புக்கு வந்தவர்களுக்குக் கூரை வேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய காசு வெள்ளவத்தையில் தொடர்மாடியாக எழுந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் முற்றமும் மாமரமும் கிணறுமாக இருந்த ஒற்றை வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மழைநீரை உறிஞ்சிய மண் சீமெந்துக்கு அடியில் போயிற்று. முன்பு வளவுக்குள்ளேயே வற்றிய நீர் இப்போது வீதிக்கும், வீதியிலிருந்து கால்வாய்க்கும் ஓடுகிறது. வந்தவர்களைக் குறை சொல்ல மனம் வராது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் முதலில் தேடுவது வீட்டைத்தான். ஆனால் அந்தக் கட்டடங்களுக்கு வரைபட அனுமதி கொடுத்தபோது, இந்த நீர் எங்கே போகும் என்ற கேள்வியைப் போதிய அளவு யாரும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையின் கதை இதைவிடக் கனமானது. புளூமெண்டல் பகுதித் தாழ்நிலம் கொழும்பின் குப்பைமேடாகியது. நகரம் முழுவதும் கழித்ததைக் கொட்டாஞ்சேனைக்காரர் சுவாசித்தார்கள். அந்த மேடு தீப்பிடித்துப் புகைந்த நாட்களை அங்கே வாழ்ந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். 2009ஆம் ஆண்டளவில் அங்கே கொட்டுவது நின்றதும், குப்பை கொலன்னாவச் சதுப்பின் ஓரமான மீதொட்டமுல்லவுக்குப் போயிற்று. அதாவது, சதுப்பின் ஒரு மூலையிலிருந்து எடுத்து மறு மூலையில் கொட்டினார்கள். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். அந்தக் குப்பைமலை சரிந்து பக்கத்து வீடுகளின் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். சேற்று நிலத்தின் மேல் குவித்த பாரம் அடிநிலத்தைப் பிதுக்கிக்கொண்டு சரிந்தது என்பதைப் புரிந்துகொள்ள எவரும் பொறியியலாளராக இருக்க வேண்டியதில்லை.

நகரத்தின் கண்ணைத் திறந்தது வெள்ளம். 1992 ஜூன் மாதத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 500 மில்லிமீற்றர் மழை கொட்டிக் கொழும்பு மிதந்தது. அதன் பின் ஜப்பானின் கடனுதவியோடு கால்வாய்களைத் தூர்வாரிக் கரை கட்டினார்கள். கம்பி வலைக்குள் கல் அடுக்கிய கரைகளை இன்றும் பல இடங்களில் காணலாம். ஆனாலும் சதுப்பை நிரப்புவது நிற்கவில்லை. 2010 நவம்பரில் ஓர் இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தபோது, சதுப்பின் நடுவில் அமர்ந்திருந்த பாராளுமன்றமே வெள்ளத்தில் சிக்கியது. ஏழையின் வீட்டுக்குள் முப்பது வருடமாக நுழைந்த நீர் சட்டசபைக்குள் நுழைந்த பிறகுதான் காரியம் வேகம் பிடித்தது.

2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது. கொழும்பு மாநகர அபிவிருத்தித் திட்டம் என்று அதற்குப் பெயர். முதலில் எல்லாரும் எதிர்பார்த்தது கால்வாய், மதகு, பம்பி போன்ற வேலைகளைத்தான். அவையும் நடந்தன. முகத்துவாரத்தில் புதிய சுரங்கக் கால்வாய் வெட்டியதும் அந்தத் திட்டத்தில்தான். ஆனால் கணக்குப் பார்க்க உட்கார்ந்த நிபுணர்களுக்கு இன்னொரு விடை கிடைத்தது. கொழும்பில் எஞ்சியிருக்கும் சுமார் 20 சதுர கிலோமீற்றர் சதுப்பு, பெருமழையின் வெள்ளத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கைத் தாங்கிக்கொள்கிறது. அது முற்றாக அழிந்தால், வெள்ளச் சேதம் சராசரியாக ஆண்டுக்குக் கொழும்பின் மொத்த உற்பத்தியில் 1 வீதத்தை விழுங்கும். அதே வேலையைக் கொங்கிரீற்றால் செய்ய முயன்றால் செலவு கட்டுப்படியாகாது. பறவையையும் மீனையும் காப்பாற்றுங்கள் என்று சூழலியலாளர்கள் எத்தனையோ வருடம் சொல்லியும் அசையாத திறைசேரி, இந்தக் கணக்கைக் கண்டு அசைந்தது. எனக்கு இதில் வருத்தமும் உண்டு, நிறைவும் உண்டு. காரணம் எதுவானாலும் சதுப்பு பிழைத்தது.

இந்தக் கணக்கோடு உலக அரங்கில் நடந்த இன்னொரு காரியமும் சேர்ந்துகொண்டது. 1971 பெப்ரவரி 2ஆம் திகதி ஈரானின் ராம்சார் நகரில் ஈரநிலங்களைக் காக்கும் சாசனம் கையெழுத்தானது. இலங்கை அதில் 1990இல் சேர்ந்தது. புந்தலையில் தொடங்கி மன்னார் வங்காலை, வில்பத்து வரை இலங்கையின் ஆறு இடங்கள் அந்தச் சாசனத்தின் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் அவையெல்லாம் நகரத்துக்கு வெளியே, பூநாரையும் யானையும் வரும் இடங்கள். சனம் நெருக்கியடித்து வாழும் ஊருக்குள் இருக்கும் சேற்று நிலத்தை என்ன செய்வது? 2015இல் உருகுவேயில் கூடிய நாடுகள் அதற்கு ஒரு வழி கண்டன. தன் சதுப்பைக் காத்து, அதோடு சேர்ந்து வளரும் ஊருக்கு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். 2018 ஒக்டோபரில் துபாயில் நடந்த மாநாட்டில் முதன்முறையாக 7 நாடுகளின் 18 நகரங்களுக்கு அது கிடைத்தது. சீனா, தென் கொரியா, பிரான்ஸ் என்று நீண்ட அந்தப் பட்டியலில் கொழும்பும் இருந்தது. தலைநகரங்களில் அதைப் பெற்ற முதல் நகரம் கொழும்புதான். 2025இல் அத்தகைய நகரங்களின் எண்ணிக்கை 74 ஆயிற்று. இந்தியாவின் இந்தூரும் உதய்ப்பூரும் அவற்றில் சேர்ந்தவை.

இந்தப் பட்டத்தோடு பணம் வருவதில்லை. ஆறு வருடத்துக்குத்தான் அது செல்லும், பிறகு மறுபடி நிரூபிக்க வேண்டும். அதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். பயன் இருக்கிறது. உலகத்தின் முன் வாக்குக் கொடுத்த ஓர் அரசு, அடுத்த மாதமே அந்த நிலத்தில் மண் லொறியை இறக்கினால் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. இன்னொன்றையும் நினைக்க வேண்டும். ஒக்டோபர் மாதத்தில் சதுப்பை ஒட்டிய தலவத்துகொடப் பக்கம் போனால், மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்து தும்பியைப் பாய்ந்து பிடிக்கும் நீலவால் பஞ்சுருட்டானைப் பார்க்கலாம். அது வலசை வரும் பறவை. அது எந்த நாட்டுச் சொத்து? குஞ்சு பொரிக்கும் நாடு காத்து, குளிர்காலம் கழிக்கும் நாடு அழித்தால் என்ன மிஞ்சும்? சர்வதேச ஒத்துழைப்பு என்ற சொல் மாநாட்டு மண்டபங்களில் கேட்டுக் கேட்டு நமக்குச் சலித்துவிட்டது. அந்தக் கம்பியில் இருக்கும் பறவையைப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும்.

இன்றைய காட்சிக்கு வருகிறேன். 1968இல் சதுப்பை நிரப்பப் பிறந்த அந்தச் சபையின் வழித்தோன்றல்தான் இன்று இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். கொழும்பின் கால்வாய்களையும் எஞ்சிய சதுப்பையும் பராமரிக்கும் பொறுப்பு இப்போது அதனிடம் இருக்கிறது, அனுமதியின்றி நிரப்புபவர்மேல் வழக்குப்போடும் அதிகாரமும் உண்டு. ஒரு நிறுவனம் இப்படித் தலைகீழாகத் திரும்பியதை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. தலவத்துகொடவில் தியசரு பூங்கா, கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா என்று மரப்பலகை நடைபாதைகளோடு இடங்கள் உருவாகியிருக்கின்றன. காலையில் போனால் நீலத் தாழைக்கோழி செந்நிறக் கால்களால் கோரையை மிதித்துக்கொண்டு போவதையும், கபரக்கொய்யா ஆறடி நீளத்தில் வெயில் காய்வதையும் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம்.

இவற்றுக்கு மேலாக, கொழும்புக்குள் வாழும் ஒரு விலங்கைச் சொல்லவேண்டும். மீன்பிடிப் பூனை. நம் ஊர்ப்பேச்சில் கொடுப்புலி. வீட்டுப் பூனையைப் போல் இரண்டு மடங்கு உடல், குட்டை வால், சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள். விரல்களுக்கிடையே சிறு சவ்வு. நீரோரம் அசையாமல் குந்தியிருந்து, மீன் வந்ததும் தலைகீழாகப் பாயும். உடலை ஒட்டிய அடர்ந்த உள்மயிர் தோல் நனையவிடாது. சில வருடங்களுக்கு முன் கொழும்பு வீடொன்றின் அலங்கார மீன்குளத்திலிருந்து மீன்கள் காணாமற் போயின. கள்வனைப் பிடிக்கக் கமராப் பதிவைப் போட்டுப் பார்த்தபோது திரையில் வந்தது இந்த விலங்கு. அன்யா ரத்நாயக்க என்ற இளம் ஆய்வாளர் சதுப்பில் வாழும் இவற்றின் கழுத்தில் செய்மதிப் பட்டி மாட்டிப் பின்தொடர்ந்தார். கால்வாயும் வடிகாலும் சுவர்களும் இவற்றுக்கு இரவுப் பாதைகள் என்பது அதில் தெரிந்தது. உலகப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ள ஒரு காட்டுப்பூனை, நாம் உறங்கும்போது நம் மதிலுக்குப் பின்னால் நடந்துபோகிறது. இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடிய பெருநகரங்கள் உலகில் அதிகமில்லை.

எல்லாம் நலமென்று எழுதிவிட்டுப் போக என்னால் முடியாது. கொட்டாஞ்சேனையிலிருந்தும் மீதொட்டமுல்லவிலிருந்தும் வெளியேறிய குப்பை எங்கே போயிற்று? ஒரு பகுதி கெரவலப்பிட்டியில் 2021இல் தொடங்கிய மின்நிலையத்தில் எரிகிறது. அது முத்துராஜவெலச் சதுப்பின் பக்கத்தில் இருக்கிறது. இன்னொரு திட்டம் புத்தளத்து அருவக்காட்டில் குப்பை நிரப்புவது. அது வில்பத்துவின் எல்லைக்கு அருகில். அந்த வில்பத்து, இலங்கை ராம்சார் சாசனத்துக்குக் கொடுத்த ஆறு இடங்களில் ஒன்று! கொழும்பின் சதுப்பைக் காக்க இன்னொரு சதுப்பின் வாசலில் கொட்டுவதை நான் தீர்வென்று ஏற்கமாட்டேன். சென்னைக்காரருக்கும் இந்தத் துன்பம் தெரியும். 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்தான் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு வளர்ந்தது.

கால்வாயோரக் குடிசைகளில் வாழ்ந்தவர்களின் கணக்கும் இன்னும் தீரவில்லை. அவர்களில் தமிழரும் முஸ்லிம்களும் கணிசமானோர். கரையை அகலமாக்கும்போதும் நகரத்தை அழகாக்கும்போதும் அவர்களைத் தெமட்டகொட, வனாத்தமுல்லைப் பக்கத்துத் தொடர்மாடிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளம் வராத வீடு கிடைத்தது உண்மை. கடலை வண்டி தள்ளியவருக்கும் வீட்டில் தோசை சுட்டு விற்றவருக்கும் பன்னிரண்டாம் மாடியில் பிழைப்பு எப்படி நடக்கும் என்பதை யாரும் முன்கூட்டி எண்ணவில்லை. அவர்கள் விட்டுப்போன கரையில் இன்று மற்றவர்கள் மாலையில் நடைபயிற்சி செய்கிறார்கள். சதுப்பைக் காப்பது என்பது ஏழையை அகற்றுவது என்று ஆகிவிட்டால், அடுத்த தலைமுறை ஏழை சதுப்பை வெறுப்பான். அதில் நியாயமும் இருக்கும்.

கொட்டாஞ்சேனைக்கும் உலக ஒத்துழைப்புக்கும் இடையே நேரிட்ட ஒரு துயரமான சந்திப்பையும் இங்கே பதிய வேண்டும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் சாசனத்தின் 18ஆவது மாநாடு 2019 மே 23இல் கொழும்பில் தொடங்க இருந்தது. உலகெங்கும் இருந்து பிரதிநிதிகள் வர ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை, கொட்டாஞ்சேனையின் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் குண்டு வெடித்தது. அன்று வேறு தேவாலயங்களும் விடுதிகளும் தாக்கப்பட்டன. மாநாடு ஓகஸ்டில் ஜெனீவாவுக்கு மாறியது. கொழும்பில் எடுக்க இருந்த முடிவுகளை அங்கே எடுத்தார்கள். இலங்கையில் மட்டுமே வாழ்ந்து, வளர்ப்பு விலங்குச் சந்தைக்காகக் கடத்தப்பட்ட கொம்பு ஓணான்களுக்கு இலங்கை கேட்ட பாதுகாப்பு அங்கேதான் கிடைத்தது. அமைதி இல்லாத ஊரில் ஓணானைப்பற்றிப் பேசக்கூட இடம் இல்லாமற் போகிறது.

அடுத்த அடி கடலிலிருந்து வந்தது. 2021 மே 20இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி, ஜூன் 2இல் மூழ்கத் தொடங்கியது. ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கின. உள்ளங்கையில் அள்ளினால் மணலோடு சவ்வரிசிபோல் வெள்ளை மணிகள் கலந்து வந்தன. சிங்கப்பூர்க் கொடி ஏந்திய கப்பல், பல நாட்டுச் சரக்கு, நம் மீனவரின் கடல். 2025 ஜூலையில் இலங்கையின் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பு 1 பில்லியன் டொலர் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்று தீர்த்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் எல்லைக்கு அப்பால் இருப்பவரிடம் அதை அறவிட இன்னொரு நாட்டின் கை வேண்டும். ஒத்துழைப்பு என்பது விழா மேடைப் பேச்சாக மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இவற்றையெல்லாம் நாம் வெளியில் நின்று பார்ப்பவர்களாகவே இருந்துவிட்டோம் என்பதுதான் என் மனக்குறை. தெற்காசிய நாடுகள் சேர்ந்து 1982இல் நிறுவிய சுற்றாடல் ஒத்துழைப்பு அமைப்பின் தலைமையகம் வெள்ளவத்தைக்கு அடுத்த கொழும்பு 5இல்தான் இருக்கிறது. ஆப்கானிஸ்தான் முதல் மாலைதீவு வரை எட்டு நாடுகள் சேர்ந்த அந்த அமைப்பில், தெற்காசியாவின் கடலுக்கும் பவளப்பாறைக்கும் திட்டம் தீட்டுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? 2022 டிசம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் ஏற்ற உயிர்ப்பல்வகைமைச் சட்டகத்தின் 12ஆவது இலக்கு, நகரங்களின் பசுமை வெளியையும் நீர்வெளியையும் பெருக்கச் சொல்கிறது. 2030க்குள் செய்யவேண்டியது அது. இலங்கையும் அதற்குச் சம்மதித்த நாடு.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமக்குச் சங்கங்கள் குறைவில்லை. பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பங்குச் சபை, தொடர்மாடிக் குடியிருப்பாளர் குழு என்று ஒவ்வொரு ஒழுங்கைக்கும் ஒன்று உண்டு. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலில் களவாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் மாற்றுங்கள். உங்கள் பகுதியில் தாழ்நிலத்தில் மண் கொட்டினால் படமெடுத்து, காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் மாநகர சபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள், தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் உரிமை. ஞாயிறு அறநெறி வகுப்புப் பிள்ளைகளை வருடத்தில் ஒரு காலைப்பொழுது பெத்தகானவுக்கோ தியசருவுக்கோ கூட்டிப்போங்கள். ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போவது நல்லது, வலசைப் பறவைகள் அப்போதுதான் அங்கே இருக்கும்.